12-10: பப்புவா நியூ கினி ஹன்டர்ஸ் கோப்பையை வென்ற 2017 சீசன்

2017-இல் பப்புவா நியூ கினி ஹன்டர்ஸ் என்ற ரக்பி லீக் அணி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கோப்பையை வென்றதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "அதிசயம்" என்ற வார்த்தை எப்படியும் வந்துவிடுகிறது. பணமில்லாத நாடு, பெயர் தெரியாத பையன்கள், பலம் பொருந்திய ஆஸ்திரேலிய கிளப்கள், கடைசி நிமிடங்களில் ஒரு ட்ரை. கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த சீசனைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்ததில், அதிசயம் என்று சொல்லி விட்டுவிடுவது அந்த அணிக்குச் செய்யும் அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் முடித்த அணி. மாதக்கணக்கில், வாரா வாரம், மற்ற பதின்மூன்று அணிகளையும்விடத் தொடர்ச்சியாக நன்றாக ஆடியவர்கள். அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை எடுத்து வைக்கவும் முடியும். அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ரக்பி என்றதும் நம்மில் பலருக்குக் கண்டி, கொழும்புப் பள்ளிக்கூட மைதானங்கள்தான் நினைவுக்கு வரும். அது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். இது ரக்பி லீக், வேறு ஆட்டம். ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்று பேர், மொத்தம் 80 நிமிடம். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்தினால் அது ஒரு டாக்கிள். அவர் எழுந்து பந்தைக் காலுக்குக் கீழே வைத்துப் பின்னால் தட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். இப்படி ஆறு முறைதான் அனுமதி, ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள், ஒன்று எதிரணியைத் தூரத் தள்ளுவதற்காக, இல்லையென்றால் கோட்டுக்குப் பக்கத்தில் தரையோடு உருட்டிவிட்டுத் தங்கள் ஆள் ஓடிப்போய் அதன்மேல் விழுவதற்காக. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. அதன்பின் கம்பத்துக்கு இடையே உதைத்தால் (இதுதான் கன்வர்ஷன்) இன்னும் 2. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: ஒருவன் மேல் மூன்று பேர் பாய்ந்து அமுக்குவதும், அவன் திமிறி இன்னும் ஒரு அடி முன்னால் விழப் பார்ப்பதும் அங்கே இருக்கும் அதே சமாச்சாரம்தான்.

பப்புவா நியூ கினியில் இந்த ஆட்டம்தான் தேசிய விளையாட்டு. ரக்பி லீக் உலகின் பல இடங்களில் ஆடப்படுகிறது என்றாலும், ஒரு நாடே இதைத் தன் ஆட்டமாக எடுத்துக்கொண்டது அங்கேதான். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாடு அது. குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையே வருடா வருடம் நடக்கும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடருக்கு, எந்த அணியிலும் தங்கள் ஊர்க்காரர் இல்லாவிட்டாலும், பி.என்.ஜி.யின் (பப்புவா நியூ கினியின்) மலைக் கிராமங்களில் ஒரே குடும்பம் குயின்ஸ்லாந்தின் மெரூன் பக்கம், நியூ சவுத் வேல்ஸின் நீலப் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். அவ்வளவு பைத்தியம். அப்படிப்பட்ட நாட்டுக்குப் பல வருடங்களாக இருந்த ஒரே குறை, அங்கே ஆடிக் காட்டிய பையன் அடுத்து எங்கே போவான் என்பதுதான். உள்நாட்டில் டிஜிசெல் கோப்பை இருந்தது, அதற்கு மேல் படி கிடையாது.

குயின்ஸ்லாந்து கோப்பை 1996-இல் தொடங்கியபோது போர்ட் மோர்ஸ்பி வைப்பர்ஸ் என்ற அணி அதில் சேர்ந்து இரண்டு சீசன் ஆடியது, அதோடு நின்றது. அப்புறம் நீண்ட இடைவெளி. 2014-இல்தான் ஹன்டர்ஸ் வந்தது. பயிற்சியாளர் மைக்கேல் மாரும், கிழக்கு நியூ பிரிட்டன் மாகாணத்தின் குரியாஸ் அணியை உள்நாட்டில் வழிநடத்தியவர். தலைநகரின் லாயிட் ராப்சன் மைதானத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் முதல் சீசனில் சொந்த ஊர் ஆட்டங்கள் கோக்கோப்போவின் கலாபாண்ட் மைதானத்தில் நடந்தன. 1994-இல் எரிமலை வெடித்து ரபவுல் நகரம் சாம்பலில் புதைந்த பிறகு மாகாணத் தலைநகராக மாறிய ஊர்தான் கோக்கோப்போ. இப்படித் தலைநகரை விட்டுத் தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில்தான் பி.என்.ஜி.யின் முதல் பெரிய கிளப் கால் ஊன்றியது. பிறகு பழைய லாயிட் ராப்சன் இருந்த இடத்தில் எழுந்த தேசியக் கால்பந்து மைதானத்துக்கு, போர்ட் மோர்ஸ்பிக்கு, மாறினார்கள்.

2017-இல் என்ன இருந்தது

அந்த ஆண்டு பதினான்கு அணிகள். பன்னிரண்டு குயின்ஸ்லாந்துக்குள், ட்வீட் ஹெட்ஸ் மட்டும் எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸ் பக்கம், அப்புறம் கடல் தாண்டி ஹன்டர்ஸ். இந்தப் பதினான்கில் மற்ற அணிகளுக்கும் ஹன்டர்ஸுக்கும் இருந்த முக்கியமான வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்த சீசனைப் புரிந்துகொள்ள முடியாது.

குயின்ஸ்லாந்து கோப்பை, என்.ஆர்.எல். என்ற மேல்மட்டப் போட்டிக்குக் கீழே இருக்கும் படி. ஆஸ்திரேலிய அணிகள் ஏதாவது ஒரு என்.ஆர்.எல். கிளப்போடு இணைந்திருக்கும். டவுன்ஸ்வில் பிளாக்ஹாக்ஸ், மெக்காய் கட்டர்ஸ், கெய்ர்ன்ஸ் ஊரின் நார்தர்ன் ப்ரைட் மூன்றும் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸோடு. சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸ் மெல்போர்ன் ஸ்டார்மோடு. மேல் கிளப்பில் இடம் கிடைக்காத ஆட்டக்காரர்கள் அந்த வாரம் கீழே இறங்கி ஆடுவார்கள். மேலே யாருக்காவது காயம் என்றால் கீழே நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை அங்கே இழுத்துக்கொள்வார்கள். ஆரிஜின் தொடர் நடக்கும் வாரங்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். ஸ்டார்ம் ஒப்பந்தத்தில் இருந்த பையன் வாரம் முழுக்க மெல்போர்னில் பயிற்சி செய்துவிட்டு, விமானத்தில் குயின்ஸ்லாந்து வந்து, ஃபால்கன்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவான். பக்கத்தில் நிற்பவரோ பகலில் ஏதோ ஒரு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வரும் உள்ளூர்க்காரர். இரண்டு பேருக்கும் திறமை இருக்கும். ஆனால் ஒருவர் எப்போது, எந்தப் பக்கம் பந்தைத் தள்ளுவார் என்று மற்றவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியாது.

ஹன்டர்ஸுக்கு மேலே யாரும் கிடையாது. மேலிருந்து ஆள் இறங்கி வரவும் மாட்டார், இங்கிருந்து வாரத்தின் நடுவில் யாரும் ஏறிப் போகவும் மாட்டார். இருக்கிற குழுதான் குழு. இதை எல்லாரும் பலவீனமாகவே பார்த்தார்கள், அப்படிப் பார்த்ததிலும் நியாயம் இருந்தது. ஏனென்றால் என்.ஆர்.எல். கிளப்பிலிருந்து இறங்கி வந்தவர் யாரும் தங்கள் பக்கம் இல்லாமல், எதிரணியில் ஐந்தாறு பேர் அப்படி இருக்கும் ஆட்டங்களை வாரா வாரம் ஆட வேண்டும். ஆனால் அதே விஷயத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. மார்ச்சில் சேர்ந்து ஆடியவர்கள் செப்டம்பரிலும் சேர்ந்து ஆடினார்கள். முகாமில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே பயிற்சியாளரின் கீழ். மற்ற கிளப்களில் வேலை முடித்துவிட்டு வந்து பயிற்சி செய்தவர்கள் நிறைய. ஹன்டர்ஸ் ஆட்டக்காரர்களுக்கு அந்த மாதங்களில் இது மட்டும்தான் வேலை. பாவப்பட்ட அமெச்சூர் பையன்கள் தொழில்முறை வீரர்களை வீழ்த்தினார்கள் என்று கதை சொல்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை அப்படியே தலைகீழாக வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் போவாஸ் சகோதரர்கள். அணித்தலைவர் ஆசே போவாஸ், தம்பி வாட்சன் போவாஸ். லீக் ஆட்டத்தில் ஃபைவ்-எய்த், ஹாஃப்பேக் என்ற இரண்டு இடங்கள்தான் மூளை. எந்தப் பிடியில் எந்தப் பக்கம் போவது, எப்போது உதைப்பது எல்லாம் அந்த இரண்டு பேர் கையில். மற்ற அணிகள் இந்த ஜோடியை அமைக்கத்தான் தவித்துக்கொண்டிருக்கும். ஒருவர் மேலே போனால் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இங்கே சின்ன வயதிலிருந்து ஒரே முற்றத்தில் பந்து போட்டு விளையாடியவர்கள் அந்த இடங்களில் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் தோளைத் திருப்பினால் போதும், மற்றவருக்குப் புரியும். வாரத்துக்கு ஒரு முறை சந்திக்கும் ஜோடியால் அந்த வேகத்தில் முடிவெடுக்க முடியாது.

சரி, கஷ்டங்களையும் சொல்ல வேண்டும், அதை விட்டால் கணக்கு நேராகாது. ஒரு வாரம் வீட்டில், அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவில் என்று பாதி சீசன் கடல் தாண்டி ஓடியது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் விசா வேண்டும். ட்வீட் ஹெட்ஸில் முந்தின நாள் பயிற்சியில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூப்பிட வழியில்லை. போர்ட் மோர்ஸ்பியிலிருந்து நாட்டின் மலைப்பகுதிகளுக்கோ லாயே நகருக்கோ தரைவழிச் சாலையே கிடையாது; எங்கா மாகாணத்துப் பையன் அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் விமானம்தான். முகாம் வாழ்க்கை அணியைக் கட்டியது என்று மேலே எழுதினேன், அதற்கான விலையை மனைவிகளும் குழந்தைகளும் தந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்த வருட நடுவில்தான் நாட்டில் பொதுத்தேர்தலும் நடந்தது, மலை மாகாணங்கள் சிலவற்றில் வன்முறை, உயிரிழப்பு. சொந்த ஊரில் என்ன நடக்கிறதோ என்ற கவலையோடு முகாமில் இருந்துகொண்டு சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தயாரானவர்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எதிரணிகளுக்கும் போர்ட் மோர்ஸ்பி பயணம் சுலபமில்லை. வெள்ளிக்கிழமை வரை வேலை பார்த்துவிட்டு விமானம் ஏறி, வேர்வையில் சட்டை ஒட்டும் அந்த உஷ்ணத்தில் இறங்கி, ஒவ்வொரு டாக்கிளுக்கும் அரங்கமே எழுந்து கத்தும் இடத்தில் 80 நிமிடம் ஆடிவிட்டு, திங்கள்கிழமை மறுபடி வேலைக்குப் போக வேண்டும். ஆனால் ஒன்று: அவர்கள் இதைச் சீசனுக்கு ஒரு தடவை செய்தார்கள், ஹன்டர்ஸ் இதன் மறுபக்கத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்தார்கள். அதனால் சொந்த ஊர்ச் சாதகம்தான் ஹன்டர்ஸை முதலிடத்துக்குக் கொண்டுபோனது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாதி ஆட்டங்களை வெளியில் ஆடிக்கொண்டு யாரும் வீட்டு வெயிலை மட்டும் வைத்து மைனர் பிரீமியர்ஷிப், அதாவது புள்ளிப்பட்டியலின் முதலிடம், எடுக்க முடியாது.

செப்டம்பர் 24, சன்கார்ப்

இறுதிப்போட்டி பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானத்தில், சன்ஷைன் கோஸ்ட் ஃபால்கன்ஸோடு. பிரிஸ்பேனிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் பி.என்.ஜி. மக்கள் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வகையில் இது போட்டியின் இரண்டு விதமான அணிகளுக்கு இடையே நடந்த ஆட்டம். ஒரு பக்கம் ஸ்டார்ம் என்ற பெரிய இயந்திரத்தின் கீழ்ப்படி, இன்னொரு பக்கம் யாருக்கும் கீழ்ப்படியாக இல்லாத அணி.

இங்கே ஜஸ்டின் ஓலமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சிம்பு மாகாணத்துக்காரர், லாயே நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். ஹன்டர்ஸில் ஆடினார், ஸ்டார்ம் கண்ணில் பட்டார், ஒப்பந்தம் கிடைத்தது, அதன் வழியாக அவர் வந்து சேர்ந்த கீழ்ப்படி அணி ஃபால்கன்ஸ். 2020-இல் ஸ்டார்மோடு என்.ஆர்.எல். பட்டமும் வென்றார். ஹன்டர்ஸ் உருவானதன் நோக்கமே இதுதான், ஒரு பையனுக்கு மேலே போக வழி திறந்துவிடுவது. ஆனால் அந்த வழியில் முதலில் நடந்தது, ஹன்டர்ஸின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஹன்டர்ஸை இறுதியில் சந்திக்கப்போகும் கிளப்பிடம் போனது. இதற்காக ஓலம் மேல் யாருக்கும் கோபமில்லை, எனக்கும் இல்லை. ஆட்டம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

ஆட்டத்தில் பெரிய எண்ணிக்கைகள் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கோட்டை விடாமல் காத்துக்கொண்டே இருந்தார்கள். ஃபால்கன்ஸ் முன்னால் இருந்தார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஓர் அணி என்ன செய்கிறது என்பதில்தான் அது எப்படித் தயாரிக்கப்பட்டது என்று தெரியும். பின்தங்கி நிற்கும் அணிகள் சாதாரணமாக இரண்டாவது பிடியிலேயே பந்தை அங்குமிங்கும் எறிந்து, கைநழுவவிட்டு, எதிரணிக்கே கொடுத்துவிடும். அன்று கடைசிச் சில நிமிடங்களை மறுபடி போட்டுப் பார்த்தால் எனக்குப் பிடிப்பது ஹன்டர்ஸ் பதறாமல் இருந்ததுதான். செட்டை, அதாவது தங்கள் ஆறு பிடிகளையும், ஒழுங்காக முடிக்கிறார்கள், பந்தைக் காப்பாற்றுகிறார்கள், எதிராளியின் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். அப்புறம் வில்லி மினோகா கோட்டைத் தாண்டிப் பந்தை அழுத்துகிறார். 12-10. சன்கார்ப்பின் ஒரு பக்கம் முழுக்க ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுகிறார்கள். ஒரு கன்வர்ஷன் உதையின் அளவுதான் வித்தியாசம், ஆனால் கோப்பை முதல் தடவையாக ஆஸ்திரேலியாவுக்கு வெளியே போனது. ஆட்ட நாயகனுக்கான டங்கன் ஹால் பதக்கம் ஆசே போவாஸுக்கு. அது சரியான கைக்குத்தான் போனது.

ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1, சிட்னி. என்.ஆர்.எல். இறுதிப்போட்டி நாளில், அதே மைதானத்தில், குயின்ஸ்லாந்து கோப்பையை வென்றவர்களும் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்தில் வென்றவர்களும் மோதுவார்கள். பென்ரித் 42, ஹன்டர்ஸ் 18. இந்தத் தோல்வியைப் பலர் கதையிலிருந்து விட்டுவிடுகிறார்கள், நான் விடமாட்டேன். உயிரைக் கொடுத்து ஆடிய ஓர் இறுதிக்குப் பிறகு ஏழே நாளில் இன்னொரு பெரிய ஆட்டம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதுமட்டுமில்லை. சேர்ந்து ஆடும் பழக்கம் எவ்வளவு தூரம் தூக்கிப் போகும், எங்கே உடல்பலமும் மேல்மட்டப் பயிற்சியும் முந்திக்கொள்ளும் என்ற எல்லையை அந்த ஆட்டம் காட்டியது.

பலன் எங்கே போனது

அடுத்த சில வாரங்களில் உலகக் கோப்பை. பி.என்.ஜி. தேசிய அணியான குமுல்ஸ் தன் குழு ஆட்டங்கள் மூன்றையும் போர்ட் மோர்ஸ்பியில், அதே தேசியக் கால்பந்து மைதானத்தில் ஆடியது. பயிற்சியாளர் அதே மாரும். போவாஸ் சகோதரர்கள் இருவரும் அணியில், ஹன்டர்ஸ்காரர்கள் இன்னும் பலரும். வேல்ஸை 50-6, அயர்லாந்தை 14-6, அமெரிக்காவை 64-0. மூன்றிலும் வெற்றி. காலிறுதியில் மெல்போர்னில் இங்கிலாந்திடம் 36-6 என்று தோற்றார்கள். அந்த மூன்றில் 14-6-தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. அமெரிக்காவை யாரும் அடித்துவிடலாம், அயர்லாந்து அப்படியில்லை. நெருக்கடியில் பதறாமல் செட்டை முடிப்பது என்று மேலே சொன்னேனே, அது அன்றைக்கும் இருந்தது. பொதுவாகத் தேசிய அணி என்றால் உலகின் நாலா மூலையிலிருந்தும் வந்து இரண்டு வாரம் பழகிவிட்டு ஆடுவார்கள். குமுல்ஸுக்கு நடுவில் ஒரு ஜோடி ஆண்டு முழுக்கச் சேர்ந்து ஆடிவிட்டு வந்தது.

ஆனால் ஹன்டர்ஸுக்கு? 2017-க்குப் பிறகு இன்னொரு கோப்பை கிடைக்கவில்லை. வென்ற அணியிலிருந்து ஆட்களைக் கேட்டு வெளியிலிருந்து வருவார்கள், வந்தார்கள். இங்கிலாந்தின் கிளப்களுக்குச் சிலர் போனார்கள். ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையில் சம்பாதிக்கக் கூடிய வருடங்கள் பத்துகூட இருக்காது, போகாதே என்று யார் சொல்ல முடியும்? மற்ற கிளப்களில் ஒருவர் போனால் மேல் கிளப்பிலிருந்து இன்னொருவர் இறங்கி வருவார். இங்கே அந்த இடத்தில் டிஜிசெல் கோப்பையிலிருந்து ஒரு புதுப் பையனைக் கொண்டுவந்து, உடம்பைத் தேற்றி, விசா எடுத்து, உதைப்பதும் காப்பதும் கற்றுக்கொடுக்க இரண்டு சீசன் ஆகிவிடும். 2017-இல் எந்த ஏற்பாடு பலமாக இருந்ததோ அதுதான் பிறகு ஓட்டையாகவும் மாறியது. அதற்கு மேல் கொரோனா வந்தது. 2020 சீசன் ஒரே ஒரு சுற்றோடு நின்றது, 2021-ஐ ஹன்டர்ஸ் முழுக்கக் கோல்ட் கோஸ்டில் தங்கி ஆடினார்கள். வீடே இல்லாத சீசன். ஒரே குழுவை முகாமில் வைத்து வளர்ப்பது என்ற முறைக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

2024 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசும் பி.என்.ஜி. அரசும் சேர்ந்து அறிவித்தார்கள்: 2028-இல் பப்புவா நியூ கினிக்கு ஒரு என்.ஆர்.எல். அணி. பத்து வருடத்துக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர். அதன் பின்னால் பசிபிக் பகுதியின் பாதுகாப்பு அரசியல் இருக்கிறது, யாரும் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை யாராவது காதுகொடுத்துக் கேட்டதில் 2017 செப்டம்பர் 24-க்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போர்ட் மோர்ஸ்பியில் ஒரு கிளப்பை வருடக்கணக்கில் நடத்த முடியும், விமானம் ஏறி வந்து வெல்லவும் முடியும் என்பதை அன்று கையில் கோப்பையோடு காட்டிவிட்டார்கள்.

இதில் எனக்கு இன்னும் மனசுக்குள் உறுத்துவது ஒன்றுதான். புது அணி வந்தால் ஹன்டர்ஸ் அதற்குக் கீழ்ப்படியாக ஆவதற்கான வாய்ப்பே அதிகம். போர்ட் மோர்ஸ்பியிலேயே இருந்து மேலே போகலாம், பையன்களுக்கு நல்லது, வரட்டும், நானும் அதைத்தான் வேண்டுகிறேன். அப்போது ஹன்டர்ஸிலும் புதன்கிழமை ஒருவர் மேலே போவார், வெள்ளிக்கிழமை ஒருவர் கீழே வருவார். அண்ணன் ஃபைவ்-எய்த், தம்பி ஹாஃப்பேக் என்று மார்ச்சில் நின்ற ஜோடி செப்டம்பர் வரை பிரியாமல் நின்றதே, அந்த மாதிரி ஒரு சீசனை 2028-க்குப் பிறகு அவர்களால் எப்படி அமைக்க முடியும் என்பதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லி நான் கேட்கவில்லை.